கிரிகரி வழக்கின் முதல் தீர்ப்பும் அதை எழுதிய ஸ்டெர்ன்ஹேகனும்

#1 | பழைய_ஏடு

வரியைக் குறைக்க ஆறு நாளைக்கு ஒரு கம்பெனி தொடங்கிக் கலைத்த கிரிகரி அம்மாளின் அமெரிக்க வருமான வரி வழக்கு இந்தக் களத்தில் பலமுறை பேச்சுக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் 1934ல் நியூயார்க்கில் இருந்த கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி லேர்னட் ஹேண்ட் எழுதியது, 1935 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் சதர்லாண்ட் எழுதியது, இந்த இரண்டோடு முடித்துக்கொள்கிறோம். அதற்கு முன்னால் அந்த வழக்கு போன இடம் வாஷிங்டனில் இருந்த வரி மேல்முறையீட்டு வாரியம். அங்கே 1932 டிசம்பரில் வரி கட்டுபவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதியவர் ஜான் எம். ஸ்டெர்ன்ஹேகன். மேலே இரண்டு கோர்ட்டிலும் அது கவிழ்ந்ததால் அவர் பெயரை நாம் எடுப்பதே இல்லை.

எனக்கு இது நெடுநாளைய மனக்குறை. 1924 ஜூலையில் அந்த வாரியம் தொடங்கியபோது பதவியேற்ற பன்னிரண்டு பேரில் அவர் ஒருவர். 1942ல் வாரியத்தின் பெயர் அமெரிக்க வரி நீதிமன்றம் என்று மாறி, உறுப்பினர்களை நீதிபதிகள் என்று அழைக்கத் தொடங்கியபோதும் அவர் அங்கேதான் இருந்தார். நடுவில் கூலிட்ஜ், ஹூவர், ரூஸ்வெல்ட் என்று மூன்று ஜனாதிபதிகள். பொருளாதார வீழ்ச்சி, வரி விகிதம் தலைகீழாக மாறிய ஆண்டுகள், ஒரு உலகப் போர் எல்லாம் அந்தக் காலத்துக்குள் வருகின்றன. அத்தனை காலம் உட்கார்ந்து வேலை செய்த ஒருவரை, கவிழ்ந்துபோன ஒரு தீர்ப்பை வைத்து எடை போடுவது நியாயமாக எனக்குத் தெரியவில்லை. இன்னும் சொன்னால், அந்தத் தீர்ப்பிலேயே அவர் முழுக்கத் தோற்கவில்லை. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். முதலில் மற்றவர்கள் பேசுங்கள்.

#2 | சொக்கன்_மாணவன்

ஐயா, நான் சிஏ இன்டர் படிக்கிறேன். அடிப்படையான சந்தேகம். அமெரிக்காவில்தான் மாவட்ட நீதிமன்றங்கள் ஏற்கெனவே இருந்தனவே, வரிக்கென்று தனியாக ஒரு வாரியம் எதற்கு வந்தது?

#3 | பழைய_ஏடு

தம்பி, பணத்தைக் கட்டிவிட்டுத்தான் வழக்குப் போட வேண்டும் என்று இருந்ததுதான் காரணம்.

1913ல் அரசியல் சட்டத்தின் 16வது திருத்தம் வந்து வருமான வரி நிலைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் முதல் உலகப் போர். 1918ல் உச்ச விகிதம் 77 சதவீதம். கம்பெனிகளுக்கு அதன் மேல் மிகை லாப வரி வேறு. அந்த மிகை லாபத்தைக் கணக்கிட, கம்பெனியில் போட்ட மூலதனம் எவ்வளவு, அதன் மதிப்பு என்ன என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு கணக்கும் ஒரு தகராறு. துறை பல ஆண்டு கழித்து வந்து "இன்னும் இவ்வளவு பாக்கி" என்று சொல்லும். அதை எதிர்க்க வேண்டுமென்றால் முதலில் முழுப் பணத்தையும் கட்டு, பிறகு திருப்பிக் கேட்டு வழக்குப் போடு என்பதுதான் சட்டம். கட்டப் பணம் இல்லாதவன் கடையை மூடிவிட்டுத்தான் நியாயம் கேட்க முடியும்.

துறைக்குள்ளேயே முறையீட்டைக் கேட்க ஒரு குழு இருந்தது. வரி போட்டவனும் முறையீட்டைக் கேட்பவனும் ஒரே சம்பளப் பட்டியலில் இருந்தால் யார் நம்புவார்கள்? நிதியமைச்சர் ஆண்ட்ரூ மெலன் ஒரு வாரியம் வேண்டும் என்றுதான் சொன்னார், ஆனால் அது நிதித் துறைக்குள் இருக்க வேண்டும் என்றார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. 1924 வருவாய்ச் சட்டத்தில் அதை நிதித் துறைக்கு வெளியே, நிர்வாகப் பிரிவில் ஒரு தனி அமைப்பாக வைத்தார்கள். நோட்டீஸ் வந்த அறுபது நாளுக்குள் அங்கே மனுப் போட்டால், முடிவு வரும்வரை பணம் கட்ட வேண்டாம். அறுபது நாள் பின்னால் தொண்ணூறாக ஆனது.

ஆரம்பத்தில் நிலைமை ஆட்டம்தான். முதல் உறுப்பினர்களுக்குப் பதவிக் காலம் இரண்டே ஆண்டு, சம்பளம் ஆண்டுக்கு 7,500 டாலர். தோற்ற கட்சி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் வழக்கை முதலிலிருந்து தொடங்கலாம். 1926 சட்டம் வந்துதான் கால் ஊன்ற முடிந்தது: பதினாறு உறுப்பினர்கள், பன்னிரண்டு ஆண்டுப் பதவிக் காலம், பத்தாயிரம் டாலர் சம்பளம், வாரியத்தின் தீர்ப்பிலிருந்து நேராக மேல்முறையீட்டு நீதிமன்றம். ஸ்டெர்ன்ஹேகன் அந்த நிச்சயமில்லாத இரண்டு ஆண்டையும் தாண்டி நின்றவர். அந்தக் காலத்தில் வழக்குகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. ஒரு உறுப்பினர் தனியாக ஊர் ஊராகப் போய் விசாரித்து, வாஷிங்டன் திரும்பி எழுத வேண்டும். வாரியத் தலைவர் முக்கியம் என்று கருதினால் முழு வாரியமும் கூடி அந்தத் தீர்ப்பைப் பார்க்கும்.

#4 | ஆடிட்டர்_குமரேசன்

பழைய ஏடு சார் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கிரிகரி விஷயத்தில் ஸ்டெர்ன்ஹேகனைத் தூக்கிப் பிடிப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. புதிதாக வந்தவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

எவலின் கிரிகரி என்ற அம்மாள் யுனைடெட் மார்ட்கேஜ் என்ற கம்பெனியின் முழுப் பங்குகளுக்கும் சொந்தக்காரர். அந்தக் கம்பெனி கையில் மானிட்டர் செக்யூரிட்டீஸ் என்ற இன்னொரு கம்பெனியின் ஆயிரம் பங்குகள். அதை விற்றுப் பணத்தை அவர் எடுக்க வேண்டும். கம்பெனி அந்தப் பங்குகளை அவருக்கு நேராகக் கொடுத்தால் டிவிடெண்ட், முழுத் தொகைக்கும் வரி விழும்.

அதனால் என்ன செய்தார்? 1928 செப்டம்பர் 18ல் அவெரில் கார்ப்பரேஷன் என்று டெலாவேரில் ஒரு புதுக் கம்பெனி. மூன்று நாளில் மானிட்டர் பங்குகள் அவெரிலுக்குப் போயின, அவெரிலின் பங்குகள் அம்மாளுக்கு வந்தன. செப்டம்பர் 24ல் அவெரில் கலைக்கப்பட்டது, மானிட்டர் பங்குகள் அவர் கைக்கு வந்துவிட்டன. உடனே 133,333.33 டாலருக்கு விற்றார். அடக்கவிலை 57,325.45 என்று கழித்து, மீதி 76,007.88 டாலரை மூலதன ஆதாயமாகக் காட்டினார். அதற்கு விகிதம் பன்னிரண்டரை சதவீதம்.

அவெரில் ஆறே நாள் வாழ்ந்தது. ஒரு வியாபாரமும் செய்யவில்லை, செய்கிற உத்தேசமும் இல்லை. இதைக் கம்பெனி மறுசீரமைப்பு என்று ஒப்புக்கொள்ள ஒரு நீதிபதிக்கு எப்படி மனம் வந்தது? உச்ச நீதிமன்றம் இதை மறுசீரமைப்பு வேடம் போட்ட சுற்றுவழிக் கைமாற்றம், வேறொன்றும் இல்லை என்ற பொருளில் சொன்னது. ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக. என் தொழிலில் இப்படிப்பட்ட ஏற்பாட்டை ஒரு கட்சிக்காரர் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுவேன்.

#5 | பழைய_ஏடு

குமரேசன், நடந்ததைச் சரியாகச் சொல்லிவிட்டீர்கள். அதில் தகராறே இல்லை. ஆனால் ஸ்டெர்ன்ஹேகன் முன்னால் இருந்த கேள்வியைப் பாருங்கள்.

ஒரு கம்பெனி தன் சொத்தில் ஒரு பகுதியைப் புதுக் கம்பெனிக்குக் கொடுத்து, அந்தப் புதுக் கம்பெனியின் பங்குகளைத் தன் பங்குதாரருக்கு வழங்கினால், அந்த வழங்கலுக்கு வரி இல்லை என்று காங்கிரஸே எழுதி வைத்திருந்தது. இந்தப் பிரிவு 1924 சட்டத்தில் நுழைந்தது, வாரியத்தை உண்டாக்கிய அதே சட்டம். 1928 சட்டத்தில் 112(ஜி) என்ற எண்ணில் தொடர்ந்தது. மறுசீரமைப்பு என்றால் என்ன என்பதற்கும் பக்கத்துப் பிரிவிலேயே விளக்கம் உண்டு. புதுக் கம்பெனி எத்தனை நாள் வாழ வேண்டும் என்றோ, வியாபாரக் காரணம் காட்ட வேண்டும் என்றோ அங்கே ஒரு சொல் கூடக் கிடையாது.

அவர் எழுதியதன் சாரம் இது: இவ்வளவு நுணுக்கமாக வரைந்த ஒரு சட்டத்தை எழுதியபடியே வாசிக்க வேண்டும், அதில் நீதிமன்றம் புகுந்து வேலை செய்யச் சின்னச் சின்ன இடுக்குகள்தான் மிச்சம். கம்பெனி என்ற தனி ஆளைச் சட்டம் ஒப்புக்கொண்டு, அதன் மேல்தான் எப்போது ஆதாயம், எப்போது நட்டம் என்று திட்டம் போட்டிருக்கிறது. நமக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு கம்பெனியை இல்லாததாகப் பாவித்தால் அந்தத் திட்டமே குலைந்துவிடும்.

இப்போது மேல் கோர்ட்டுக்கு வருகிறேன். வரி சேமிப்பு பற்றி யார் எழுதினாலும் ஹேண்ட் சொன்ன ஒரு வாசகத்தை எடுத்துப்போடுவார்கள். எவரும் தன் வரி எவ்வளவு குறைய முடியுமோ அவ்வளவு குறையும்படி தன் காரியங்களை அமைத்துக்கொள்ளலாம், கஜானாவுக்கு அதிகம் போகும் வழியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கடமை இல்லை என்பது. அதற்குச் சற்று முன்னால் அவர் எப்படித் தொடங்குகிறார் தெரியுமா? வாரியத்தோடும் வரி கட்டுபவரோடும் நாங்கள் உடன்படுகிறோம் என்கிறார். வரியைத் தவிர்க்கும் எண்ணம் இருந்தது என்பதாலேயே ஒரு பரிவர்த்தனை சட்டம் தரும் விலக்கை இழந்துவிடாது என்பதில் கீழே ஸ்டெர்ன்ஹேகன் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற வாசகம் வருகிறது. ஒரு வாக்கியத்தின் பொருள் அதன் தனித்தனிச் சொற்களை மீறியது, ராகம் சுரங்களை மீறியது போல, என்று சொல்லி அவர் பிரிந்து போவது அதற்கு அப்புறம்.

ஆக இன்றைக்கு உலகம் முழுக்க வரி வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டும் பகுதி, ஸ்டெர்ன்ஹேகனோடு ஹேண்ட் உடன்பட்ட பகுதி. இதைச் சொல்லத்தான் இந்த இழையைத் தொடங்கினேன்.

இன்னொன்று. ஹேண்டின் தீர்ப்பு 1934 மார்ச் 19. அடுத்த மே மாதம் கையெழுத்தான 1934 வருவாய்ச் சட்டத்தில் காங்கிரஸ் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது. ஓட்டையை அடைக்க வேண்டியவர்கள் அடைத்தார்கள். ஸ்டெர்ன்ஹேகனின் வாதமே அதுதான்.

#6 | ஆடிட்டர்_குமரேசன்

காங்கிரஸ் அடைக்கும்வரை எத்தனை பேர் அந்த வழியில் போயிருப்பார்கள்? சட்டம் எழுதுகிறவர்களால் எல்லா வேடத்தையும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்து எழுத முடியாது. அந்த இடத்தில்தான் நீதிபதி தேவைப்படுகிறார். எழுத்தை மட்டும் பார்க்க ஒரு நல்ல குமாஸ்தா போதும்.

தவிர, அந்தப் பிரிவை ஒட்டுமொத்தமாக எடுத்ததால் உண்மையாகவே கம்பெனியைப் பிரிக்க நினைத்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். அந்தச் சலுகை திரும்ப வர 1951 ஆனது. வாரியத்திலேயே இதை நிறுத்தியிருந்தால் அந்தப் பதினேழு ஆண்டு அவதி இருந்திருக்காது என்பது என் கருத்து.

#7 | நிலா_வழக்கறிஞர்

இருவர் வாதமும் நன்றாக இருக்கிறது. நடுவில் நுழைகிறேன், ஏனென்றால் ஸ்டெர்ன்ஹேகன் கிரிகரி தீர்ப்பை எழுதியபோது அதே வாரியத்தில் இருந்த ஒருவரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அன்னபெல் மேத்யூஸ். வாரியத்தின் முதல் பெண் உறுப்பினர். 1930ல் ஹூவர் நியமித்தார், 1936 வரை இருந்தார்.

அவர் பாதையை நினைத்தாலே எனக்கு ஒரு தெம்பு வரும். பள்ளி ஆசிரியையாக இருந்து, 1914ல் வரித் துறையில் வேலைக்குச் சேர்ந்தவர். அமெரிக்காவில் தேசிய அளவில் வருமான வரி நிலைத்ததே அதற்கு முந்திய ஆண்டுதான். துறையும் புதிது, அவரும் புதிது. வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்து 1921ல் பட்டம் வாங்கினார். படித்தது வாஷிங்டன் சட்டக் கல்லூரியில். பெண்களைச் சேர்க்க மற்ற கல்லூரிகள் மறுத்ததால், எலன் ஸ்பென்சர் மஸ்ஸி, எம்மா கில்லெட் என்ற இரண்டு பெண் வழக்கறிஞர்கள் தாங்களே தொடங்கிய கல்லூரி அது. அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை வந்தது 1920. அடுத்த ஆண்டு இவர் வழக்கறிஞர்.

அப்புறம் துறையின் சட்டப் பிரிவில் வெளிநாட்டு வருமானம் தொடர்பான விஷயங்களில் தேர்ந்தார். ஒரே வருமானத்துக்கு இரண்டு நாடுகள் வரி போடுவதைத் தடுக்க 1920களின் பிற்பகுதியில் சர்வதேச சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) நிபுணர்களைக் கூட்டியது. அமெரிக்கா அந்தச் சங்கத்தில் உறுப்பினர் இல்லை என்றாலும் பேராசிரியர் டி. எஸ். ஆடம்ஸை அனுப்பியது. அவரோடு போய் வேலை செய்தவர்களில் மேத்யூஸ் ஒருவர். இன்று நாம் டிடிஏஏ என்று சொல்லி அன்றாடம் புரட்டும் இரட்டை வரி ஒப்பந்தங்களுக்கெல்லாம் அந்த 1928 ஜெனீவா மாதிரி வரைவுகள்தான் மூதாதை.

1936ல் ரூஸ்வெல்ட் அவருக்கு மறுநியமனம் தரவில்லை, அந்த ஆண்டு மரியன் ஹாரனை நியமித்தார். ஹாரன் கலிபோர்னியாக்காரர், பெர்க்லியில் சட்டம் படித்தவர், முப்பது சொச்சம் வயது. அவர் 1960 வரை இருந்தார். இரண்டு பெண்கள் அடுத்தடுத்து வந்தது நல்ல செய்திதான். ஆனால் பதினாறு இடத்தில் ஒன்று போய் ஒன்று வந்தது, இரண்டாக ஆகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

#8 | சொக்கன்_மாணவன்

நிலா அக்கா, இதெல்லாம் எங்கள் பாடத்தில் ஒரு வரி கூட இல்லை. நன்றி.

ஐயா, நிதித் துறைக்கு வெளியே வைத்தார்கள் என்று சொன்னீர்கள். பெரிய ஆட்கள் வழக்கு வந்தபோது வாரியம் உண்மையிலேயே தனித்து நின்றதா? பேப்பரில் தனி அமைப்பு என்று இருப்பது வேறு, நடப்பது வேறு இல்லையா?

#9 | பழைய_ஏடு

நல்ல கேள்வி. இரண்டு வழக்கு சொல்கிறேன். இரண்டும் ஒரே மனிதரைச் சுற்றி வருகின்றன: ஆண்ட்ரூ மெலன்.

முதலாவது ஜேம்ஸ் கூசன்ஸ் வழக்கு. கூசன்ஸ் ஹென்றி ஃபோர்டின் ஆரம்பகாலக் கூட்டாளி. 1919ல் தன் ஃபோர்டு பங்குகளை விற்று ஏறக்குறைய மூன்று கோடி டாலர் வாங்கினார். பிறகு மிச்சிகன் செனட்டர் ஆனார். மெலன் நிதியமைச்சராக இருந்தபோது வரித் துறை பெரிய கம்பெனிகளுக்கு எப்படிச் சலுகை காட்டுகிறது என்று ஆராய ஒரு செனட் குழுவை நடத்தினார். மெலனின் சொந்தக் கம்பெனிகளும் அந்த விசாரணைக்குள் வந்தன. 1925 மார்ச்சில் வரித் துறை ஆணையர் டேவிட் பிளேர் செனட் மண்டபத்துக்கே நேரில் போய் கூசன்ஸ் கையில் ஒரு நோட்டீஸைக் கொடுத்தார். 1919 பங்கு விற்பனைக்குக் கூடுதல் வரி, ஒரு கோடி டாலர் அளவுக்கு.

வழக்கு வாரியத்துக்கு வந்தது. கூசன்ஸோடு மற்றச் சிறு பங்குதாரர்களும் மாட்டியிருந்தார்கள். கேள்வி ஒன்றுதான்: 1913 மார்ச் 1 அன்று ஃபோர்டு பங்கு ஒன்றின் மதிப்பு எவ்வளவு? அந்தத் தேதிக்கு முந்திய ஏற்றத்துக்கு வரி கிடையாது, அதனால் அன்றைய மதிப்பு கூடினால் வரி குறையும். துறை முன்பு 9,489 டாலர் சொச்சம் என்று ஒப்புக்கொண்டிருந்தது. பிறகு அதை வெகுவாகக் குறைத்துத்தான் புதுக் கோரிக்கை வைத்தது. வாரியம் எல்லாச் சாட்சியையும் கேட்டு 1928ல் சொன்ன மதிப்பு பத்தாயிரம் டாலர். பழைய மதிப்பைவிட அதிகம். அதாவது கூசன்ஸ் எதுவும் கட்ட வேண்டாம், அவருக்குத்தான் பணம் திரும்ப வர வேண்டும். பதவியில் இருந்த நிதியமைச்சரின் துறைக்கு எதிராக, நியமனத்துக்கு அதே அரசை எதிர்பார்த்திருந்த ஒரு அமைப்பு கொடுத்த தீர்ப்பு இது.

இரண்டாவதில் மெலனே வாசலில் நின்றார். ரூஸ்வெல்ட் அரசு அவர் 1931 கணக்கில் மோசடி செய்ததாகச் சொல்லி, அபராதத்தோடு முப்பது லட்சம் டாலருக்கு மேல் கேட்டது. அதற்கு முன் பிட்ஸ்பர்க்கில் கிராண்ட் ஜூரி என்ற குடிமக்கள் குழு குற்றம் சாட்ட மறுத்திருந்தது. 1935ல் வாரியத்தின் முன் விசாரணை. அரசுக்காக ராபர்ட் ஜாக்சன் நின்றார், பின்னால் உச்ச நீதிமன்ற நீதிபதியானவர், நியூரம்பர்க்கில் அமெரிக்காவுக்காக வழக்கு நடத்தியவர். விசாரணையை நடத்தியவர் வாரிய உறுப்பினர் எர்னஸ்ட் வான் ஃபோசன். மெலன் சாட்சிக் கூண்டில் ஏறிப் பேசினார். ஓவியங்களை அறக்கட்டளைக்குக் கொடுத்தது உண்மையா, வரிக்காகவா என்ற கேள்வியும் வந்தது. அந்த ஓவியங்கள்தான் பிறகு வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தின் அஸ்திவாரம்.

மெலன் 1937 ஆகஸ்டில் இறந்துவிட்டார். தீர்ப்பு அந்த டிசம்பரில் வந்தது. மோசடி இல்லை என்றது வாரியம். சில கணக்குகளில் வரி பாக்கி உண்டு என்றும் சொன்னது. நிதித் துறைக்குள் இருக்க வேண்டும் என்று மெலன் கேட்ட வாரியம், அது வெளியே இருந்ததால்தான் வேறொரு நிதித் துறையிடமிருந்து அவர் பெயரைக் காப்பாற்ற முடிந்தது.

சொக்கன், இதற்கு நடுவே வாரியத்துக்குச் சொந்தக் கட்டடம் கூட இல்லை. பல பத்தாண்டுகள் வரித் துறையின் தலைமைக் கட்டடத்துக்குள்ளேயே இடம் கொடுத்திருந்தார்கள். தனிக் கட்டடம் வந்தது 1974ல்தான். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு அந்த வீட்டுக்காரனுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதினார்கள். அதனால்தான் அந்த முதல் தலைமுறை மேல் எனக்கு இவ்வளவு மதிப்பு.

#10 | ஆடிட்டர்_குமரேசன்

கூசன்ஸ் வழக்கு பிரமாதம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆடிட்டர்கள் சார்பில் ஒன்று சேர்க்கிறேன். அந்த வாரியத்தில் வழக்கறிஞர்கள் மட்டுமல்ல, கணக்காளர்களும் ஆஜராகலாம் என்று விதி இருந்தது. கோல்ட்ஸ்மித் என்ற கணக்காளருக்கு அனுமதி கொடுக்காமல், காரணம் கேட்கவும் வாய்ப்புத் தராமல் விட்டுவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனார். 1926ல் தலைமை நீதிபதி டாஃப்ட், யாரை அனுமதிப்பது என்று விதி வகுக்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் ஒருவரைத் தகுதியில்லை என்று தள்ளுவதற்கு முன் அவர் பேச்சைக் கேட்டாக வேண்டும் என்றார். இன்றைக்கு நம் டிரிப்யூனலில் ஆடிட்டர் எழுந்து நின்று வாதாடுகிறார் என்றால், வரி விஷயத்தில் கணக்குத் தெரிந்தவனுக்கும் பேச இடம் வேண்டும் என்ற அதே எண்ணம்தான் இங்கேயும் வேலை செய்திருக்கிறது.

#11 | நிலா_வழக்கறிஞர்

நம் டிரிப்யூனல் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்திய வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 1941 ஜனவரி 25ல் தொடங்கியது. டெல்லி, பம்பாய், கல்கத்தா என்று மூன்று பெஞ்ச், ஆறு உறுப்பினர்கள். முதல் தலைவர் முகமது முனீர், பின்னாளில் பாகிஸ்தான் தலைமை நீதிபதி. ஒவ்வொரு பெஞ்சிலும் சட்டம் தெரிந்த ஒருவர், கணக்குத் தெரிந்த ஒருவர். இந்த ஜோடி முறை அமெரிக்க வாரியத்தில் இல்லை, அங்கே ஒருவரே உட்கார்ந்து கேட்டார்.

ஆனால் பழைய ஏடு ஐயா சொன்ன சண்டை இங்கேயும் நடந்தது. தொடக்கத்தில் தீர்ப்பாயம் நிதித் துறையின் கீழ் இருந்தது. 1942ல் அதைச் சட்டத் துறைப் பக்கம் மாற்றினார்கள். அந்த மாற்றம் நடக்காவிட்டால் இன்று டிரிப்யூனலுக்கு இருக்கும் மரியாதை இருந்திருக்காது என்று என் சீனியர் அடிக்கடி சொல்வார்.

பணம் கட்டாமல் முறையிடும் விஷயத்தில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம். இங்கே முதல் மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது டிமாண்டை நிறுத்தி வைக்க, வழக்கமாக இருபது சதவீதம் கட்டச் சொல்கிறார்கள். சிறு வியாபாரிக்கு அதுவே பெரிய சுமை. 1924ல் அமெரிக்காவில் ஒப்புக்கொண்ட நியாயத்தை நாம் இன்னும் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை.

#12 | ஆடிட்டர்_குமரேசன்

அந்த இருபது சதவீதத்தில் நான் உங்கள் பக்கம், மேடம். உயர்ந்த டிமாண்ட் போட்டு இருபது சதவீதம் கேட்டால் கட்சிக்காரர் என் எதிரே உட்கார்ந்து அழுகிறார்.

கிரிகரிக்குத் திரும்புகிறேன். நம் நாட்டிலும் இதே ஊசலாட்டம்தான். 1985ல் மெக்டவல் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி சின்னப்ப ரெட்டி, வேடம் போட்ட ஏற்பாடுகளை ஏற்கக்கூடாது என்று கடுமையாக எழுதினார். 2003ல் ஆசாதி பச்சாவோ வழக்கில் அதன் வேகம் குறைந்தது. 2012 ஜனவரியில் வோடஃபோன் வழக்கும் வரி கட்டுபவர் பக்கமே போனது. பிறகு அரசே கார் (GAAR) என்ற பொது வரித் தவிர்ப்புத் தடுப்பு விதிகளைக் கொண்டுவந்து 2017 ஏப்ரலிலிருந்து நடைமுறைப்படுத்தியது. ஆக, எழுத்தை மட்டும் படித்தால் போதாது என்பதைச் சட்டமே இப்போது எழுத்தில் சொல்லிவிட்டது. ஸ்டெர்ன்ஹேகன் இன்று இருந்தால் அவரும் அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

#13 | பழைய_ஏடு

நிச்சயமாகப் பின்பற்றுவார். சட்டத்தில் எழுதியிருக்கிறதே! வேடத்தை நீக்கிப் பார்க்கும் அதிகாரத்தைச் சட்டமன்றம் வெளிப்படையாகக் கொடுத்தால் நீதிபதி அதைப் பயன்படுத்தட்டும். கொடுக்காத காலத்தில் தானாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் அவர் நிலை. நீங்கள் சொன்ன கார் விதிகளின் உதாரணம் அவருக்குச் சாதகம் என்றே படுகிறது.

இன்னொரு திருப்பமும் உண்டு. 1943ல் டாப்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம், வரி நீதிமன்றம் இந்தத் துறையில் தேர்ந்த அமைப்பு, தெளிவான சட்டப் பிழை இல்லாவிட்டால் மேல் கோர்ட்டுகள் அதன் முடிவில் கை வைக்கக் கூடாது என்ற பொருளில் சொன்னது. எழுதியவர் யார் என்றால், மெலன் வழக்கில் வாரியத்தின் முன் நின்ற அதே ராபர்ட் ஜாக்சன். அந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று கிட்டத்தில் இருந்து பார்த்தவர். 1948ல் காங்கிரஸ் சட்டம் போட்டு அந்தச் சலுகையை எடுத்துவிட்டது என்பது வேறு கதை. ஆனால் இரண்டு ஆண்டுப் பதவிக் காலத்தோடு தொடங்கிய அமைப்பு இருபது ஆண்டுக்குள் அந்த மரியாதையைப் பெற்றது. அதை ஸ்டெர்ன்ஹேகன் போன்றவர்கள் ஒவ்வொரு வழக்காக எழுதிச் சம்பாதித்தார்கள்.

#14 | சொக்கன்_மாணவன்

கிரிகரி தீர்ப்பை மூன்று கட்டத்திலும் படிக்க ஆசை வந்துவிட்டது. எதை முதலில் படிப்பது? ஆங்கிலம் கொஞ்சம் கடினமாக இருக்குமோ என்று பயம்.

#15 | பழைய_ஏடு

வாரியத் தீர்ப்பிலிருந்தே தொடங்கு, தம்பி. வாரிய அறிக்கைகளின் 27ஆம் தொகுதி, 223ஆம் பக்கம். அந்தத் தொகுதிகள் மொத்தம் 47, கிரிகரி ஏறக்குறைய நடுவில் வருகிறது. ஆங்கிலத்துக்குப் பயப்பட வேண்டாம், மூன்றில் அதுதான் எளிது.

வாரியத்தின் தீர்ப்புகள் பெரும்பாலும் இரண்டு பாகமாக இருக்கும். முதலில் நடந்தது என்ன என்ற பகுதி, தேதி, தொகை, யார் யாருக்கு எதைக் கொடுத்தார்கள் என்று. அப்புறம்தான் கருத்து. முதல் பாகத்தைப் படித்து ஒரு தாளில் படம் போட்டுக்கொள்: மூன்று கம்பெனி, ஒரு பங்குதாரர், அம்புக்குறிகள். அதன் பிறகு ஸ்டெர்ன்ஹேகனின் கருத்துப் பகுதியைப் படிக்காமல் நிறுத்தி, நீயே ஒரு முடிவு எழுதிப் பார். எழுதியபின் அவருடையது, அடுத்து ஹேண்ட், கடைசியில் சதர்லாண்ட். மேலே இருந்த இருவரும் அவருக்கு எதிரான முடிவுக்கு வந்தாலும், நடந்தது என்ன என்பதில் வாரியம் எழுதியதையே எடுத்துக்கொண்டார்கள் என்பதை அப்போது பார்ப்பாய்.

#16 | ஆடிட்டர்_குமரேசன்

நல்ல யோசனை. சொக்கன், நீ எழுதும் முடிவை இங்கேயே போடு. அந்தக் காலச் சட்டத்தில் எண்கள் குழப்பும், 112(ஜி)யையும் 112(ஐ)யையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. முன்னதில் வரி விலக்கு, பின்னதில் மறுசீரமைப்புக்கு விளக்கம். நீ என் பக்கம் வருவாய் என்று நம்புகிறேன்.

#17 | நிலா_வழக்கறிஞர்

நானும் படம் போட்டுப் பார்க்கிறேன். படிக்கும்போது ஒரு ஒப்பீடும் வைத்துக்கொள்ளுங்கள்: உச்ச நீதிமன்றம் கிரிகரியைத் தீர்த்த அதே 1935ல், மே மாதம், லண்டனில் அன்று உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் வழக்கில் நேர் எதிர்ப் பக்கம் போனது. தோட்டக்காரருக்குக் கொடுத்த சம்பளத்தை ஒப்பந்தப் பத்திரம் எழுதி வேறு வகைப் பணமாக்கியதை ஏற்றுக்கொண்டார்கள். நீதிபதிகளில் அட்கின் மட்டும் மறுத்தார். லண்டன் தீர்ப்பை ஸ்டெர்ன்ஹேகன் தீர்ப்புக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டுக்கும் உள்ள உறவு தெரியும். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.